டேட்டாபேஸ் சர்வர் லாக்: இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதும் வேண்டிய வரியைச் சலித்தெடுப்பதும்

"ஆப் நின்றுவிட்டது, டேட்டாபேஸைப் பாருங்கள்" என்று சொன்னதும் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள், இல்லையென்றால் எங்கோ படித்த ஒரு பாதையைத் தட்டிப் பார்த்துவிட்டு "லாக்கே இல்லைங்க" என்கிறார்கள். லாக் (சர்வர் தன்னிடம் நடப்பதை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவு) இருக்கும். அந்த சர்வரை நிறுவிய முறைக்கு ஏற்ப அது வேறு இடத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

இங்கே போஸ்ட்கிரெஸ் (முழுப்பெயர் போஸ்ட்கிரெஸ்கியூஎல்) என்ற டேட்டாபேஸை முதன்மையாக வைத்துச் சொல்கிறேன், மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் என்ற மற்ற டேட்டாபேஸ்களும் தேவையான அளவு வரும். கமாண்ட்கள் எல்லாம் தமிழ் எழுத்தில் இருக்கின்றன, டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

1. கைவைக்கும் முன்

ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். டாக்கரில் (சர்வரை கன்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓட்டும் மென்பொருள்) கன்டெய்னரை அழித்துவிட்டுப் புதிதாக எழுப்பினால் பழைய லாக்கும் சேர்ந்தே போய்விடும். எஸ்கியூஎல் சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும் புது லாக் ஃபைலைத் தொடங்கும். பழையவற்றில் ஆறை மட்டுமே வைத்துக்கொள்ளும், அமைப்பை யாரும் மாற்றவில்லை என்றால். பதற்றத்தில் ஏழு முறை ரீஸ்டார்ட் செய்தால் பிரச்சினை பதிவான ஃபைலே கையைவிட்டுப் போகும். ரீஸ்டார்ட் செய்துதான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், முதலில் லாக்கை வேறு ஃபோல்டருக்கு நகலெடுங்கள்.

அடுத்து, நேரம். "காலையில் பிரச்சினை வந்தது" என்பது போதாது. 10:40க்கா, 10:55க்கா என்று புகார் சொன்னவரிடமே கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பல லட்சம் வரிகளைச் சில நூறு வரிகளாகக் குறைத்துவிடும்.

பிறகு 'டிஎஃப் -எச்' கொடுத்து டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் நிறைந்துவிட்டால் லாக் எழுதுவதும் நின்றுவிடும், அப்போது லாக் அமைதியாக இருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. இடத்துக்காக லாக் ஃபைலை 'ஆர்எம்' கொடுத்து அழிக்கவும் வேண்டாம். சர்வர் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும், பெயர் மறைந்தாலும் இடம் திரும்பக் கிடைக்காது, அதற்குப் பிறகு எழுதப்படுவது உங்கள் கண்ணுக்கும் தெரியாது.

2. எங்கே என்று சர்வரையே கேளுங்கள்

பாதைகளை மனப்பாடம் செய்வது வீண். சர்வர் எழுந்து நிற்கிறது என்றால் அதையே கேட்பதுதான் குறுக்குவழி. போஸ்ட்கிரெஸில்:

சுடோ -யு போஸ்ட்கிரெஸ் பிஎஸ்கியூஎல்
ஷோ லாக்கிங்_கலெக்டர்;
ஷோ லாக்_டெஸ்டினேஷன்;
ஷோ டேட்டா_டைரக்டரி;
ஷோ லாக்_டைரக்டரி;
செலக்ட் பிஜி_கரன்ட்_லாக்ஃபைல்();

போஸ்ட்கிரெஸ் யூசராகவே நுழைய வேண்டும், முதல் வரியில் உள்ள சுடோ (வேறு யூசரின் உரிமையில் கமாண்டை ஓட்டுவது) அதற்குத்தான். ஆப் பயன்படுத்தும் சாதாரண யூசராக நுழைந்து கேட்டால் டேட்டா டைரக்டரி, லாக் டைரக்டரி இரண்டையும் காட்ட சர்வர் மறுக்கும். அதைப் பார்த்து "அமைப்பில் ஏதோ கோளாறு" என்று வேறு பக்கம் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விடையை இப்படிப் படியுங்கள். கலெக்டர் 'ஆன்' என்றால் போஸ்ட்கிரெஸே லாக் ஃபைலை எழுதுகிறது. லாக் டைரக்டரி வெறும் 'லாக்' என்று வந்தால் அது டேட்டா டைரக்டரிக்குள் இருக்கும் 'லாக்' ஃபோல்டர். பதிப்பு 10க்கு முன் அதன் பெயர் 'பிஜி_லாக்'.

கலெக்டர் 'ஆஃப்' என்றால் கடைசிக் கேள்விக்கு வெற்று விடை வரும். லாக் இல்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. சர்வர் தன் எஸ்டிடிஎர்ரில் (ஒரு நிரல் எர்ரர் செய்திகளை வெளியே அனுப்பும் வழி) கொட்டுகிறது, அதை வேறு யாரோ பிடித்து எங்கோ எழுதுகிறார்கள். யார் என்று லினக்ஸில் நேராகவே பார்த்துவிடலாம். டேட்டா டைரக்டரியில் இருக்கும் 'போஸ்ட்மாஸ்டர்.பிஐடி' ஃபைலின் முதல் வரியில் உள்ள எண்ணை எடுத்து, அது 1432 என்றால்:

சுடோ எல்எஸ் -எல் /ப்ராக்/1432/எஃப்டி/2

அம்புக்குறிக்கு வலப்பக்கம் ஒரு ஃபைல் பெயர் வந்தால் அதுதான் லாக். 'சாக்கெட்' என்று வந்தால் பெரும்பாலும் சிஸ்டம்டியின் (லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் நிரல்) ஜர்னல் என்ற பொது லாக்குக்குப் போகிறது, அதை 'ஜர்னல்சிடிஎல்' கொடுத்துப் படிக்கலாம். எந்த லினக்ஸாக இருந்தாலும் இந்த ஒரு வரி கைகொடுக்கும் என்பதால் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

3. உபுன்டு, டெபியன்

இங்கே லாக் /வார்/லாக்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/ ஃபோல்டரில், 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்-16-மெயின்.லாக்' போன்ற பெயரில் இருக்கும். 16 என்பது பதிப்பு, 'மெயின்' என்பது கிளஸ்டரின் (தனியாக ஓடும் ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வரும் அதன் டேட்டாவும்) பெயர். ஒரே மெஷினில் இரண்டு பதிப்புகள் ஓடலாம், அதனால் முதலில் 'பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்' கொடுங்கள். எந்த கிளஸ்டர் எந்த போர்ட்டில் ஓடுகிறது, அதன் லாக் எங்கே என்பதெல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். அப்கிரேட் செய்தபின் ஓடாத பழைய பதிப்பின் லாக்கை அரைமணி நேரம் படித்துக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

இன்னொரு பொறி: 'ஜர்னல்சிடிஎல் -யு போஸ்ட்கிரெஸ்கியூஎல்' என்று கொடுத்தால் டெபியன் வகையறாவில் "தொடங்கியது, முடிந்தது" என்று இரண்டு வரி மட்டும் வரும். அந்தப் பெயரில் இருப்பது எல்லா கிளஸ்டர்களையும் சேர்த்துக் கட்டிய வெறும் உறை. உண்மையான சர்வீஸ் 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்@16-மெயின்'. உறையை மட்டும் பார்த்துவிட்டு "சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது" என்று பதில் எழுதிவிடாதீர்கள்.

பழைய லாக்குகள் வாரம் ஒருமுறை சுழன்று, சுருக்கப்பட்டு '.ஜிஇசட்' ஆகிவிடும், பத்து வாரம் வரை இருக்கும். அவற்றைப் பிரித்து டிஸ்கை நிரப்பத் தேவையில்லை, 'இசட்கிரெப்' (சொல் வரும் வரிகளைத் தேடித்தரும் கிரெப் கமாண்டின் ஒரு வகை) அப்படியே உள்ளே தேடும்.

4. ரெட் ஹேட், ராக்கி, அல்மா

போஸ்ட்கிரெஸ் குழுவின் களஞ்சியத்திலிருந்து நிறுவியிருந்தால் /வார்/லிப்/பிஜிஎஸ்கியூஎல்/16/டேட்டா/லாக்/. லினக்ஸோடு வந்த பொதி (பேக்கேஜ்) என்றால் நடுவில் 16 இருக்காது.

இங்கே ஃபைலுக்குக் கிழமையின் பெயர்: 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்-மன்.லாக்', 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்-டியூ.லாக்' என்று ஏழு. அடுத்த திங்கள் வந்ததும் பழைய திங்களின் மேலேயே எழுதிவிடும். அதாவது ஒரு வாரத்துக்கு மேல் எதுவும் மிஞ்சாது. போன திங்கட்கிழமை நடந்ததை இந்தத் திங்கட்கிழமை விசாரிக்க வந்தால் ஒன்றும் கிடைக்காது, ஆகவே புகார் வந்த அன்றே நகலெடுத்துவிடுங்கள்.

அந்த ஃபோல்டருக்குள் போஸ்ட்கிரெஸ் யூசரைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. சரி, சுடோ போடலாம் என்று 'சுடோ கிரெப் எர்ரர் …/லாக்/*.லாக்' கொடுத்தால் அப்படி ஒரு ஃபைல் இல்லை என்கிறது. நட்சத்திரக் குறியை விரிப்பது உங்கள் ஷெல் (நீங்கள் தட்டும் கமாண்டை வாங்கி ஓட்டும் நிரல்), அதுவும் சுடோ தொடங்கும் முன்பே. உங்கள் ஷெல்லுக்கு ஃபோல்டருக்குள் பார்க்க அனுமதி இல்லாததால் நட்சத்திரம் அப்படியே போகிறது. 'சுடோ -ஐ' கொடுத்து ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள யூசர்) நுழைந்து அங்கிருந்து தேடுங்கள், இல்லையென்றால் முழுக் கமாண்டையும் 'சுடோ ஷ் -சி' என்பதன் மேற்கோளுக்குள் வையுங்கள்.

5. விண்டோஸ்

போஸ்ட்கிரெஸ்: சி டிரைவ், புரோகிராம் ஃபைல்ஸ், போஸ்ட்கிரெஸ்கியூஎல், பதிப்பு எண், டேட்டா, லாக். மைஎஸ்கியூஎல்லின் லாக் 'புரோகிராம்டேட்டா' ஃபோல்டருக்குள், மெஷினின் பெயரோடு '.எர்' என்று முடியும். 'புரோகிராம்டேட்டா' மறைக்கப்பட்ட ஃபோல்டர், எக்ஸ்ப்ளோரரில் கண்ணில் படாது. முகவரிப் பட்டையில் நேராகத் தட்டினால் திறக்கும்.

பெரிய லாக்கை நோட்பேடில் திறக்க வேண்டாம், தொங்கிவிடும். அட்மினிஸ்ட்ரேட்டராகப் பவர்ஷெல்லைத் திறந்து:

கெட்-கன்டென்ட் ஃபைல்பெயர் -டெயில் 50 -வெயிட்
செலக்ட்-ஸ்ட்ரிங் -பேட்டர்ன் "ஃபேட்டல்" -பாத் ஃபைல்பெயர் -கான்டெக்ஸ்ட் 0,3

முதலாவது ஓடும் லாக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, சொல் வரும் வரியோடு அதற்கு அடுத்த மூன்று வரிகளையும் தரும்.

எஸ்கியூஎல் சர்வரின் லாக் 'எர்ரர்லாக்' என்ற பெயரில், பின்னொட்டே இல்லாமல் இருக்கும். அது யூடிஎஃப்-16 குறியாக்கத்தில் எழுதப்படுவதால் லினக்ஸுக்குக் கொண்டுவந்து கிரெப் அடித்தால் கண்முன்னே இருக்கும் சொல்லைக்கூடக் காணோம் என்று சொல்லும். சர்வருக்குள்ளேயே 'எஸ்பி_ரீட்எர்ரர்லாக் 0, 1, '18456'' என்று கேட்டால் லாகின் தோல்விகள் மட்டும் வரும்.

6. டாக்கர்

டாக்கர் லாக்ஸ் --சின்ஸ் 2எச் கன்டெய்னர்பெயர் 2>&1 | கிரெப் …

நடுவில் இருக்கும் '2>&1' கட்டாயம். போஸ்ட்கிரெஸ் எஸ்டிடிஎர்ரில்தான் எழுதுகிறது, ஆனால் பைப் (கிரெப்புக்கு முன் இருக்கும் செங்குத்துக் கோடு) எடுத்துக்கொள்வது எஸ்டிடிஅவுட்டை, அதாவது சாதாரண வெளியீட்டை, மட்டும். அதை விட்டுவிட்டால் கிரெப் சலிக்காமல் எல்லா வரியும் திரையில் ஓடும், "கிரெப் வேலை செய்யவில்லை" என்று தோன்றும்.

7. மைஎஸ்கியூஎல், மரியாடிபி

ஷோ வேரியபிள்ஸ் லைக் 'லாக்_எர்ரர்';
ஷோ வேரியபிள்ஸ் லைக் 'ஸ்லோ_குவெரி%';

உபுன்டுவில் விடை /வார்/லாக்/மைஎஸ்கியூஎல்/எர்ரர்.லாக், ரெட் ஹேட் வகையில் /வார்/லாக்/மைஎஸ்கியூஎல்டி.லாக். 'எஸ்டிடிஎர்ர்' என்று வந்தால் ஜர்னலிலோ டாக்கர் லாக்கிலோ பாருங்கள். டெபியனின் புதிய பதிப்புகளில் மரியாடிபி வெற்று விடை தரும், அங்கே 'ஜர்னல்சிடிஎல் -யு மரியாடிபி'தான் வழி.

ஸ்லோ குவெரி லாக் (மெதுவாக ஓடும் குவெரிகளை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளை, எழுதுவது) தனி ஃபைல். 'லாங்_குவெரி_டைம்' தொடக்கத்தில் 10 வினாடி என்று இருக்கும். 4 வினாடி எடுக்கும் குவெரி நூறு முறை ஓடி ஆப்பைக் கழுத்தை நெரித்தாலும் லாக்கில் ஒரு வரி விழாது, லாக்கை ஆன் செய்துவிட்டு இந்த எண்ணை மாற்றாமல் விட்டால். அந்த ஃபைலைக் கண்ணால் படிக்க வேண்டாம், 'மைஎஸ்கியூஎல்டம்ப்ஸ்லோ -எஸ் டி -டி 10' ஒரேமாதிரி குவெரிகளைச் சேர்த்து, அதிக நேரம் எடுத்த பத்தைத் தரும்.

ஜெனரல் லாக் என்று ஒன்று உண்டு, வரும் ஒவ்வொரு குவெரியையும் எழுதும். ஓடும் சர்வரில் அதை ஆன் செய்து மறந்துவிட்டுப் போகாதீர்கள்.

8. நேரத்தைச் சரிசெய்யுங்கள்

புகார் 10:40க்கு. லாக்கில் 10:40 பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பார்த்தால் லாக் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடுகிறது, இந்திய நேரத்தில் 5:30 கழித்து 05:10க்குத் தேடியிருக்க வேண்டும்.

மைஎஸ்கியூஎல் 8 தானாகவே யூடிசியில்தான் எழுதும், நேரத்தின் முடிவில் 'இசட்' இருந்தால் அதுதான் அடையாளம். தேதிக்கும் மணிக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் 'டி' எழுத்து இருக்கும், இடைவெளி விட்டுத் தேடினால் சிக்காது. போஸ்ட்கிரெஸில் 'ஷோ லாக்_டைம்சோன்' கேளுங்கள். டாக்கரில் பெரும்பாலும் யூடிசி. ஆப்பின் லாக் ஒரு நேரத்திலும் டேட்டாபேஸின் லாக் வேறு நேரத்திலும் இருந்தால் ஒரு தாளில் இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள், மனக்கணக்கை நம்ப வேண்டாம்.

9. சலிப்பது: முதலில் நேரம், அப்புறம் எண்ணிக்கை, கடைசியில் சொல்

புதியவர்கள் முழு லாக்கிலும் 'எர்ரர்' என்ற சொல்லைத் தேடித் தொடங்குகிறார்கள். ஆறு மாதமாக வந்துகொண்டிருக்கும் பழைய எர்ரர்களில் மூழ்கிவிடுகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். முதலில் நேரத்தை வெட்டி எடுத்துத் தனி ஃபைலில் வையுங்கள் (இந்தப் பகுதியில் 'செட்' என்பது ஸ்ட்ரீம் எடிட்டர் என்பதன் சுருக்கமான கமாண்ட்):

செட் -என் '/^2025-11-04 05:05/,/^2025-11-04 05:20/பி' பெரியலாக் > துண்டு.டிஎக்ஸ்டி

தேதியோடு கொடுங்கள், இல்லையென்றால் வேறு நாளின் 05:05ம் வந்து சேரும். தொடக்க நிமிடத்தில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை என்றால் விடை வெறுமையாக வரும். முடிவு நிமிடத்தில் வரி இல்லை என்றால் ஃபைலின் கடைசிவரை அள்ளிக்கொண்டு வரும். அப்போது ஒரு நிமிடம் முன்பின் நகர்த்திப் பாருங்கள். கிரெப்பை விட்டு இதைச் சொல்வதற்குக் காரணம், போஸ்ட்கிரெஸ் நீளமான குவெரியைப் பல வரிகளில் எழுதும், முதல் வரியில் மட்டுமே நேரம் இருக்கும். நேரத்தை வைத்து கிரெப் செய்தால் குவெரியின் தலை வரும், உடல் வராது.

அடுத்து, எது எத்தனை முறை என்று எண்ணுங்கள்:

கிரெப் -ஓ 'எர்ரர்:.*' துண்டு.டிஎக்ஸ்டி | செட் 'எஸ்/[0-9][0-9]*/என்/ஜி' | சார்ட் | யூனிக் -சி | சார்ட் -ஆர்என்

நடுவில் இருக்கும் செட் எல்லா எண்களையும் ஒரே எழுத்தாக மாற்றுகிறது. அது இல்லாவிட்டால் ஆர்டர் எண் மாறுவதால் ஒரே எர்ரர் ஆயிரம் தனி எர்ரர்களாகத் தெரியும். இந்தப் பட்டியலை நேற்று இதே நேரத்துத் துண்டோடு வைத்துப் பாருங்கள். நேற்றும் அதே அளவு வந்தது உங்கள் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு குறைவு, இன்று புதிதாக வந்ததைத் துரத்துங்கள்.

அதற்கப்புறம்தான் சொல்லைத் தேடுவது. 'கிரெப் -ஏ 3' ('ஏ' பெரிய எழுத்தில்) கொடுங்கள், ஏனென்றால் எர்ரர் வரிக்குக் கீழேதான் டீட்டெயில், ஹின்ட், ஸ்டேட்மென்ட் வரிகள் வரும். போஸ்ட்கிரெஸில் 'எர்ரர்:' என்பதற்குப் பின் இரண்டு இடைவெளிகள் உண்டு. ஆப் காட்டிய செய்தியைப் பார்த்து ஒரு இடைவெளி விட்டுத் தட்டினால் ஒன்றுமே வராது, வரியோ கண்ணெதிரே இருக்கும். மைஎஸ்கியூஎல்லில் சதுர அடைப்பு வருவதால் 'கிரெப் -எஃப்' (இதுவும் பெரிய எழுத்தில்) பயன்படுத்துங்கள், இல்லையென்றால் கிரெப் அதை வேறு பொருளில் எடுத்துக்கொள்ளும்.

ஒரு கனெக்ஷனின் கதையை முழுதாகப் படிக்க, வரியின் முன்னால் சதுர அடைப்புக்குள் இருக்கும் புராசஸ் எண்ணைப் பிடியுங்கள். பல கனெக்ஷன்களின் வரிகள் பின்னிக்கிடக்கும், எண்ணைப் பிடித்தால் ஒரு இழை தனியாக வரும்.

10. வரியின் தலைப்பை நம்பி ஏமாற வேண்டாம்

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இரவில் சில நாட்கள் எல்லா கனெக்ஷனும் ஒரே நேரத்தில் அறுந்தது. எர்ரர், ஃபேட்டல், பேனிக் மூன்றையும் சலித்துப் பார்த்தேன், "சர்வர் மீண்டுகொண்டிருக்கிறது" என்ற ஃபேட்டல் வரிகள் மட்டும் குவிந்தன, காரணம் இல்லை. நான்காம் நாள் சலிக்காமல் அந்த இரண்டு நிமிடத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படித்தேன். அவற்றுக்கு முன்னால் இப்படி ஒரு வரி:

லாக்: சர்வர் புராசஸ் (பிஐடி 21874) வாஸ் டெர்மினேட்டட் பை சிக்னல் 9: கில்ட்

சர்வரையே உலுக்கிய செய்தி 'லாக்' என்ற சாதாரணத் தலைப்பில் வந்திருந்தது. நினைவகம் தீர்ந்து லினக்ஸ் கெர்னல் அந்த புராசஸைக் கொன்றிருந்தது, 'ஜர்னல்சிடிஎல் -கே' அதை உறுதி செய்தது. கீழே டீட்டெயில் வரியில் அப்போது ஓடிய குவெரியும் இருந்தது. அதிலிருந்து 'டெர்மினேட்டட் பை சிக்னல்' என்பதை ஒவ்வொரு விசாரணையிலும் தனியாகத் தேடுகிறேன்.

மறுபக்கம், போஸ்ட்கிரெஸில் ஃபேட்டல் என்றால் சர்வர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, அந்த ஒரு கனெக்ஷன் முடிந்தது என்றுதான். தவறான பாஸ்வேர்டுக்கும் ஃபேட்டல்தான். எல்லாரையும் கீழே தள்ளுவது பேனிக்.

11. சர்வர் எழவே இல்லை என்றால்

கேள்வி கேட்க சர்வர் இல்லை, தன் லாக்கைத் திறக்கும் முன்பே விழுந்திருக்கலாம். அமைப்பு ஃபைலில் ஒரு மேற்கோள் குறி விடுபட்டாலே போதும். லினக்ஸில் 'ஜர்னல்சிடிஎல் -யு சர்வீஸ்பெயர் -பி' கொடுங்கள் ('பூட்' என்பதன் முதல் எழுத்து, மெஷின் கடைசியாக எழுந்ததிலிருந்து வந்த வரிகள் மட்டும்), விண்டோஸில் ஈவென்ட் வியூவரின் அப்ளிகேஷன் பகுதியைப் பாருங்கள். கடைசி வரியைப் பார்க்காதீர்கள், அது "தொடங்க முடியவில்லை" என்று மட்டும் சொல்லும். முதல் எர்ரர் வரிவரை மேலே போங்கள்.

12. அடுத்த முறைக்கு

லாக்கில் இல்லாததை எந்தச் சலிப்பும் தராது. போஸ்ட்கிரெஸில் இவற்றை வைத்துவிடுங்கள்:

ஆல்ட்டர் சிஸ்டம் செட் லாக்_மின்_டூரேஷன்_ஸ்டேட்மென்ட் = 1000;
ஆல்ட்டர் சிஸ்டம் செட் லாக்_லாக்_வெயிட்ஸ் = ஆன்;
செலக்ட் பிஜி_ரீலோட்_கான்ஃப்();

1000 என்பது மில்லிவினாடி, ஒரு வினாடிக்கு மேல் ஓடும் குவெரிகள் பதிவாகும். இரண்டாவது (அதன் பெயரில் முதல் 'லாக்' பதிவு, அடுத்த 'லாக்' பூட்டு), ஒரு குவெரி பூட்டுக்காகக் காத்துக் கிடந்தால் எழுதும். இரண்டுக்கும் ரீஸ்டார்ட் வேண்டாம், ரீலோட் போதும். பூஜ்யம் என்று வைத்து எல்லாக் குவெரியையும் எழுதவைத்தால் பரபரப்பான சர்வரில் லாக்கே டிஸ்கைத் தின்றுவிடும்.

துண்டை யாருக்காவது அனுப்பும் முன் ஒருமுறை திறந்து படியுங்கள். ஸ்டேட்மென்ட் வரிகளில் வாடிக்கையாளரின் போன் எண், மின்னஞ்சல் எல்லாம் அப்படியே இருக்கும். 'ஆல்ட்டர் ரோல்' கொடுத்து யாராவது பாஸ்வேர்டு மாற்றியிருந்தால், அந்த வரி லாக்கில் விழுந்திருந்தால், அதில் பாஸ்வேர்டும் இருக்கும். அவற்றை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.